அரசாங்கத்துக்கு எதுவரை கீழ்ப்படிவது? ரோமர் 13 பற்றி விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை நடத்தி வருகிறேன். அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரியிலிருந்த விசுவாசிகளுக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 13ஆம் அதிகாரம், அதாவது ரோமர் 13, வரும் வாரங்களில் மட்டும் வகுப்பு ஒருநாளும் நேரத்துக்கு முடிந்ததில்லை. அரசு வேலையில் இருப்பவர்கள், அரசு அலுவலகத்தில் அலைந்து சலித்தவர்கள், போலீசாரிடம் அடிபட்டவர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன். அன்றைக்குப் பதில் தோன்றாமல் வீட்டுக்கு வந்து யோசித்தவையும் இதில் உண்டு.

ரோமர் 13 என்னதான் சொல்கிறது?

"எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று தொடங்குகிறது. அதிகாரம் தேவனாலே நியமிக்கப்பட்டது, எதிர்த்து நிற்கிறவன் தேவனுடைய நியமத்துக்கு எதிர்த்து நிற்கிறான், வரியைச் செலுத்துங்கள், கனத்தைச் செலுத்துங்கள் என்று ஏழு வசனங்களில் முடிகிறது.

முதல் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். நான்காம் வசனத்தை நிதானமாக வாசித்தவர்கள் குறைவு. "உனக்கு நன்மை உண்டாவதற்காக, அவன் தேவஊழியக்காரனாயிருக்கிறானே" என்கிறார் பவுல். அதிகாரி யாருடைய ஆள், அவன் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்ற இரண்டுக்கும் இந்த ஒரே வசனத்தில் விடை இருக்கிறது. ஊழியக்காரன் என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் 'தியாக்கோனொஸ்' என்ற சொல் நிற்கிறது. பந்தி பரிமாறுகிறவனைக் குறிக்கவும் வழங்கிய சொல் அது. சபையில் நாம் டீக்கன் என்கிறோமே, அதற்கும் மூலம் அதுதான். அப்படிப் பார்த்தால் தாலுகா அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே இருக்கும் தாசில்தாரும் ஒரு டீக்கன்தான். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, தெரிந்து இருந்தாலும் தெரியாமல் இருந்தாலும் சரி.

இந்தப் பகுதி குடிமகனுக்கு மட்டும் எழுதிய கட்டளை என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். வேலையில் சேர்ந்த பிறகுதான் அது என்னைப் பார்த்தும் பேசுவது காதில் விழுந்தது.

பவுல் இதை எழுதியபோது ரோமப் பேரரசன் நீரோ அல்லவா ஆண்டுகொண்டிருந்தான்?

ஆம். நிருபம் எழுதப்பட்டது ஏறக்குறைய கி.பி. 57இல். நீரோ 54 முதல் 68 வரை ஆண்டான். ரோமாபுரி தீப்பற்றியதும், பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுந்ததும் 64இல். ஆகவே, 'அப்போது நீரோ இன்னும் கொடியவனாகவில்லை, அதனால் பவுல் அப்படி எழுதினார்' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள்.

அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. ரோமருக்கு எழுதுவதற்கு முன்பே கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், "மூன்றுதரம் மிலாறுகளால் அடிபட்டேன்" என்கிறார். மிலாறு ரோம அதிகாரிகளின் தண்டனைக் கோல். பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமலே அவரை அடித்துச் சிறையில் போட்டார்கள். அந்தத் தழும்புகள் முதுகில் இருக்கும்போதுதான் 'அவன் தேவஊழியக்காரன்' என்று எழுதினார். அரசாங்கம் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

இயேசு ரோம தேசாதிபதி பிலாத்துவின் முன் நின்றபோதும் இதையே காண்கிறோம். உன்னைக் கொல்லவும் விடவும் எனக்கு அதிகாரம் உண்டென்று தெரியாதா என்கிறான் அவன். "பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால், என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது" என்கிறார் ஆண்டவர். பிலாத்துவின் அதிகாரத்தை அவர் மறுக்கவில்லை. அது அவனுடைய சொந்தச் சொத்து அல்ல என்று அவனுக்கு நினைவூட்டுகிறார். அரசாங்கப் பணத்தைக் கையாண்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒப்படைக்கப்பட்ட எதற்கும் ஒருநாள் தணிக்கை வரும்.

கீழ்ப்படிதல் என்றால் சொன்னதையெல்லாம் செய்வதா?

இங்கே நம்முடைய தமிழ் வேதாகமம் ஒரு சிறு சிக்கலை உண்டாக்கிவிடுகிறது. "பிள்ளைகளே, உங்கள் பெற்றோருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்திலும், ரோமர் 13இலும், "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று, பிரசங்கிக்கத் தடை விதித்தவர்களுக்குப் பேதுரு சொன்ன பதிலிலும் நமக்குக் கிடைப்பது கீழ்ப்படிதல் என்ற ஒரே சொல். கிரேக்கத்தில் அவை மூன்றும் வேறுவேறு. பிள்ளைகளுக்குச் சொன்னது கேட்டு நடப்பது. ரோமர் 13இல் உள்ளது ஒருவருக்குக் கீழான வரிசையில் தன்னை நிறுத்திக்கொள்வது.

வரிசையில் நிற்பவனும் சில சமயம் 'இதை நான் செய்யமாட்டேன்' என்று சொல்ல நேரிடும். சொன்னபிறகும் அவன் வரிசையை விட்டு ஓடமாட்டான், வரிசையை உடைக்கவும் மாட்டான். ராஜாவைத் தவிர யாரிடமும் ஜெபிக்கக்கூடாது என்ற கட்டளையை மீறிச் சிங்கக் கெபிக்கு (குகைக்கு)ப் போன தானியேல் அப்படித்தான் இருந்தான். அந்தக் கட்டளைக்கு அவன் இணங்கவில்லை, ஆனால் கெபியிலிருந்து பேசிய முதல் வார்த்தை "ராஜாவே, நீர் என்றும் வாழ்க" என்பதுதான்.

எப்போது மறுக்கலாம்?

தேவன் விலக்கியதைச் செய்யச் சொன்னாலும், தேவன் கட்டளையிட்டதைச் செய்யாதே என்றாலும் மறுக்க வேண்டும். எபிரெய ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்கு சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் இணங்கவில்லை. அந்தப் பார்வோனின் பெயரை யாத்திராகமம் எழுதவில்லை. மருத்துவச்சிகளின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

பிடிக்காத சட்டம், செலவு வைக்கும் சட்டம், நாம் ஓட்டுப் போடாத கட்சி கொண்டுவந்த சட்டம் ஆகியவை இந்தக் கணக்கில் வராது. மறுத்தால் அதற்குரிய விலையையும் நாமே கொடுக்க வேண்டும். ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்குப் போன சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் தேவன் விடுவிப்பார் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல மனம் ஆயத்தமாகாதவரை, மறுப்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இளைஞர்களிடம் சொல்வேன்.

நம் பக்கத்தில் அப்படி யாராவது நின்றிருக்கிறார்களா?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரின் தெற்குப் பகுதியாக இருந்தபோது, நாடார் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. கிறிஸ்தவர்களானவர்கள் குப்பாயம் என்ற ரவிக்கை அணிய 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போலத் தோளில் சீலை போடக்கூடாது என்று 1829இல் அரசு அறிவித்தது. பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய ஆடை கிழிக்கப்பட்டது, ஆலயங்கள் எரிக்கப்பட்டன. மிஷனரிகள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை அரசுக்கும் மனுமேல் மனு அனுப்பினார்கள். 1859 ஜூலை 26இல் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. மார்பை எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன அந்தப் பிரகடனம்கூட, மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது என்று ஒரு வால் வைத்திருந்தது.

அதே திருவிதாங்கூரில் சம்பளம் இல்லாமல் அரசுக்குச் செய்யவேண்டிய கட்டாய வேலைக்கு 'ஊழியம்' என்று பெயர். ஓய்வுநாளில் அதற்கு வரமாட்டோம் என்று சொல்லும் உரிமைக்காகவும் கிறிஸ்தவர்கள் போராடிப் பெற்றார்கள். இன்று நாம் ஊழியம் என்ற சொல்லை எவ்வளவு இனிமையாக உச்சரிக்கிறோம்! நம் பாட்டிமாருக்கு அது முதுகில் ஏறிய சுமையின் பெயர்.

தோளில் ஒரு சீலை போட்டுக்கொண்டதை ரோமர் 13இன்படி கலகம் என்று அன்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். தேவசாயலாகப் படைக்கப்பட்ட ஒரு பெண்ணை நாணமடையச் செய்யும் சட்டத்துக்கு, அந்தச் சாயலைக் கொடுத்தவரின் பெயரால் அவள் மறுத்தாள் என்றே நான் வாசிக்கிறேன்.

அரசு ஊழியனாக இருக்கும் விசுவாசி என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு வேதம் நேராகவே பதில் சொல்லியிருக்கிறது, ஆனால் நம் பிரசங்கங்களில் அது அதிகம் கேட்பதில்லை. யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்கள்) வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்கிறார். போர்ச்சேவகருக்கு, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும், "உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்" என்கிறார். லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அரசு வேலைக்கு ஆணை வாங்கும் ஒவ்வொரு கிறிஸ்தவப் பிள்ளைக்கும் ஸ்தோத்திர ஆராதனை வைக்கிறோமே, அன்றைக்கு இதை வாசித்தால் நன்றாக இருக்கும்.

நான் எழுத்தராக இருந்த காலத்தில் ஒரு மூதாட்டி விதவை உதவித்தொகைக்காக வந்தார். விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, எட்டாக மடித்த இரண்டு ஐம்பது ரூபாய்த் தாள்களைப் பிரித்து, சுருக்கம் போகக் கையால் நீவி, விண்ணப்பத்தின்மேல் வைத்தார். அவர் முகத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதுபோல, அதுதான் கட்டணம் என்று நினைத்திருந்தார். வேண்டாம் பாட்டி என்றதும் அவர் முகம் வாடிப்போயிற்று. 'அப்ப நடக்காதா ஐயா?' என்று கேட்டார். பணத்தை வாங்காவிட்டால் வேலை ஆகாது என்று அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். என்னைப்போன்ற மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஞாயிற்றுக்கிழமை கானம் பாடுகிறவர்களும் இருந்தார்கள். உனக்கு நன்மை உண்டாவதற்காக என்று பவுல் எழுதிய அந்த 'நீ' அன்றைக்கு என் எதிரில் சுருக்குப்பையோடு நின்றதை நான் மறக்கவில்லை.

வாங்காமல் இருப்பவனுக்குச் சங்கடம் வரும். எனக்கும் இடமாற்றங்கள் வந்தன. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மூன்று முறை மாறியது. இதைச் சொல்லாமல் இளைஞர்களுக்கு அறிவுரை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

சரி, லஞ்சம் கொடுக்கலாமா? கொடுக்காமல் காரியம் நடப்பதில்லையே?

பேலிக்ஸ் என்ற தேசாதிபதி பவுல் தனக்குப் பணம் கொடுப்பான் என்று எதிர்பார்த்து அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான் என்று அப்போஸ்தலர் 24 சொல்கிறது. இரண்டு வருஷம் சென்றது. பேலிக்ஸ் பதவியிலிருந்து போகும்போதும் பவுல் காவலில்தான் இருந்தார். கொடுத்திருந்தால் எத்தனை சபைகளுக்குப் போயிருக்கலாம், எவ்வளவு ஊழியம் செய்திருக்கலாம்! 'கர்த்தருடைய வேலைக்காகத்தானே' என்ற சாக்கு பவுலுக்கு இருந்ததைப்போல வேறு யாருக்கும் இருந்திருக்காது.

ஆலயக் கட்டட அனுமதிக்காகக் 'கவனித்துவிட்டு' வந்தோம் என்று கமிட்டிக் கூட்டத்தில் சாட்சி சொல்வதுபோலச் சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன். அஸ்திவாரத்திலேயே பரிதானத்தை, அதாவது லஞ்சத்தை, புதைத்துவிட்டு, மேலே சிலுவை வைத்து என்ன பயன்?

ஆஸ்பத்திரி வாசலில் உயிருக்குப் போராடும் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்ட நூறு ரூபாயைக் கொடுத்துவிட்ட தாயைப்பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். பறிகொடுத்தவளுக்கும் சலுகை வாங்கக் கொடுத்தவனுக்கும் வித்தியாசம் உண்டு.

வரி விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பு?

இராயனுக்கு (ரோமப் பேரரசனுக்கு) வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் இயேசுவிடம் கொண்டுவந்த வரிக்காசு ரோம தினாரியம். அது அன்றைய பேரரசன் திபேரியுவின் காசாக இருந்திருந்தால், தெய்வமான அகுஸ்துவின் மகன் என்ற எழுத்து அதன்மேல் இருந்திருக்கும். யூதனுக்கு அருவருப்பான எழுத்து. அப்படியிருந்தும் "இராயனுடையதை இராயனுக்கும்" என்றார். ஆனால் இந்தச் சுரூபம் (உருவம்) யாருடையது என்று கேட்டபின் அல்லவா அதைச் சொன்னார்? காசில் இராயனின் சுரூபம், மனுஷனில் தேவனுடைய சாயல். காசு இராயனுக்குப் போகலாம், மனுஷன் போகக்கூடாது.

நடைமுறைக்கு வருவோம். வீட்டை விற்கும்போது பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதி, மீதியைப் பையில் ரொக்கமாக வாங்குவது 'எல்லாரும் செய்வதுதான்' என்பார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது இதுதான் விலை என்று சொல்கிறோம். அது பொய். 'பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்தத் தள்ளுபடி யாருடைய பணம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அரசாங்கம் வரிப்பணத்தை வீணடிக்கிறதே என்பது நியாயமான கோபம். ரோமாபுரி செய்யாத வீண்செலவா? அந்தக் கோபத்தை ஓட்டில் காட்டலாம், மனுவில் காட்டலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டும் காட்டலாம்.

ஹெல்மெட்?

போடுங்கள். ஆலயத்துக்குப் போகிற வழியிலும் போடுங்கள்.

தேசிய கீதம் பாடுவது, கொடிக்கு வணக்கம் செலுத்துவது விக்கிரக ஆராதனையா?

இல்லை. கனத்துக்குரியதற்குக் கனம் கொடுப்பதுதான் அது. நான் மகிழ்ச்சியோடு பாடுகிறேன். ஆனால் மனச்சாட்சி இடங்கொடாதவர்களும் உண்டு. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பு எழுதினார். நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நாம் நீர்த்துப்போகச் செய்யவேண்டாம் என்பது அதன் சாரம். அவர்களுடைய உபதேசத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் எழுந்து நின்ற விதத்திலிருந்து கற்றுக்கொள்ள எனக்கு இருக்கிறது.

ஆட்சியாளர்களை விமர்சிக்கலாமா? நீதிமன்றத்துக்குப் போகலாமா?

குற்றம் செய்த ராஜாவான தாவீதின் முகத்துக்கு நேராக "நீயே அந்த மனுஷன்" என்றான் தீர்க்கதரிசி நாத்தான். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை அபகரித்த ராஜா ஆகாபை, அந்தத் தோட்டத்திலேயே போய் எலியா சந்தித்தான். பவுலோ பிலிப்பியில் தம்மை இரகசியமாக விடுதலை செய்யப் பார்த்த அதிகாரிகளிடம், அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். பிறகு செசரியாவில் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்றார். இன்றைய பேச்சில் அது மேல்முறையீடு. சகோதரனுக்கு விரோதமாகச் சகோதரன் வழக்காடுவதைத்தான் கொரிந்தியரிடம் அவர் கண்டித்தார்.

நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோமாபுரியில் இராயனே மேலான அதிகாரம். இங்கே அந்த இடத்தில் அரசியலமைப்புச் சட்டம் இருக்கிறது. பிரதமரும் முதல்வரும் அதன்மேல் உறுதிமொழி எடுத்தே பதவிக்கு வருகிறார்கள். அமைச்சர் ஒருவர் சட்டத்தை மீறும்போது அதைச் சுட்டிக்காட்டுகிறவன்தான் ரோமர் 13க்குக் கீழ்ப்படிகிறான்.

1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்தபோது நம் சபைகளில் பெரும்பாலானவை வாய் திறக்கவில்லை. கேரளத்தின் மார்த்தோமா சபையின் தலைவர் யூகானோன் மார்த்தோமா மெத்ரோபொலித்தா, நெருக்கடிநிலையை விலக்கிக்கொள்ளும்படி இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். இறையியலாளர் எம்.எம். தாமஸ் தொடர்ந்து எதிர்த்து எழுதினார். கல்லும் எறியவில்லை, மௌனமாகவும் இருக்கவில்லை. ஹிட்லரின் ஜெர்மனியிலும், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலும் இதே ரோமர் 13ஐக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கொடுமைக்குத் துணைநின்ற சபைகள் இருந்தன. வசனத்தை முதல் வரியோடு மூடிவிட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவை சாட்சி.

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடச் சொல்லிப் போதகர் அறிவிக்கலாமா?

கூடாது என்பதே என் எண்ணம். பிரசங்க பீடம் ஒரு கட்சியின் மேடையானால், மறுவாரம் அந்தக் கட்சியின் தவற்றைக் கண்டிக்க அதே பீடத்துக்கு வாய் இருக்காது.

சபைக்குள் நடந்த குற்றத்தைப் போலீசிடம் கொண்டுபோவது தேவநாமத்துக்கு அவதூறு ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு இரத்தம் கொதிக்கிறது. தீமைசெய்கிறவனைத் தண்டிக்கத் தேவன் பட்டயத்தை (வாளை)க் கொடுத்திருப்பது அரசாங்கத்திடம். கமிட்டியிடம் அல்ல. ஒரு குழந்தையிடம் தகாதவிதமாக நடந்தவனை 'மன்னித்து விட்டோம், ஜெபித்து விட்டோம்' என்று வேறு ஊருக்கு மாற்றி அனுப்புகிறவர்கள், ரோமர் 13ஐ எதிர்த்து நிற்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். போதகருக்கும் விலக்கில்லை, பிஷப்புக்கும் இல்லை. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம் 'கீழ்ப்படிந்திரு' என்று வசனம் காட்டி அனுப்புகிறவர்களும் இதைக் கேட்க வேண்டும். அவளை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேவன் அந்த ஊழியக்காரர்களை அங்கே வைத்திருப்பது அவளுக்கு நன்மை உண்டாவதற்காகத்தான்.

நம்மை வெறுக்கிற ஆட்சியாளருக்காக எப்படி ஜெபிப்பது?

ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கும்படி பவுல் சொன்ன நாட்களில் ராஜாக்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்றே தீர்க்கதரிசி எரேமியா எழுதி அனுப்பினான்.

எங்கள் ஆலயத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், முதல்வர் என்று பெயர் சொல்லி ஜெபிப்பது வழக்கம். வெள்ளைக்காரர் காலத்தில் அந்த இடத்தில் இங்கிலாந்து அரசரின் பெயர் இருந்தது. பெயர்கள் மாறின, ஜெபம் நின்றதில்லை. சில ஆண்டுகளாக நான் அந்த வரிசையோடு இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் கிராம நிர்வாக அலுவலர், ஆய்வாளர், ரேஷன் கடையில் எடை போடும் தம்பி. அவர்கள் பெயர் எனக்குத் தெரியும். இன்று அவர்களுடைய மேசைக்கு யார் சுருக்குப்பையோடு வந்து நிற்பார்கள் என்பதுதான் தெரியாது.